கலப்பைக் கிழங்குக்கு ஏழு நாள் மோர்

கலப்பைக் கிழங்கு கேட்டு யாராவது இப்போது கடைக்கு வந்தால், இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். விஷச் சரக்கு விற்கத் தனியாக லைசென்ஸ் வேண்டுமாம். நான் வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. போன வாரம் கடைப்பக்கம் போயிருந்தபோது, அங்கே இப்போது இருக்கிறவர்கள் என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். "நீங்க இருக்கையில இதை மூடை மூடையா வித்தீகளாமே, ஒருத்தரும் சாகலையா?" என்றான் ஒருவன். கிண்டலாகத்தான் கேட்டான். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு அடங்கிப் போய்விட்டது. பதிலை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போடியில் ராவுத்தர் ஒருவர் வைத்திருந்த நாட்டு மருந்துக் கடையில் பதினாறு வயதில் சேர்ந்தேன். முதல் நான்கு வருஷம் சுக்கு உடைத்தேன், திப்பிலி புடைத்தேன், கடுக்காய்க்குக் கொட்டை நீக்கினேன், தும்மினேன். அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. ஐந்தாவது வருஷம் என்னை விஷச் சரக்குக்கு மாற்றினார்கள். சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தை என்று எல்லாம் என் கைக்கு வந்தன. அவற்றில் நான் அதிக நாள் கூடவே குடியிருந்தது கலப்பைக் கிழங்கோடுதான்.

மழை விழுந்ததும் கள்ளியிலும் வேலியிலும் பற்றி ஏறுகிற கொடி அது. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, மலையேறுகிறவர்களை நின்று பார்க்கவைக்கும். பூவைப் பற்றிப் பாடியவர்கள் உண்டு. கிழங்கைத் தோண்டியவன் பாடமாட்டான். மார்கழியில் கொடி காய்ந்த பிறகு அடியில் பார்த்தால், ஏர்க்கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கையாகக் கிடக்கும். முளைக்கண் உள்ள ஒரு கையை மண்ணிலேயே விட்டுவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருஷமும் கொடி வரும்.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழாமல் நின்றுவிட்டால் இந்தக் கிழங்கை அரைத்து உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் பூசுவார்கள். பூசுகிறவள் செம்பில் தண்ணீரோடு காலடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நஞ்சு விழுந்த உடனே கழுவிவிட வேண்டும். கண் அசந்தால் கர்ப்பப்பையே இறங்கிவிடும் என்று அதில் ஒரு பயம் உண்டு. தேள்கடிக்குப் பூசுவார்கள், பேனுக்குப் பூசுவார்கள், மாறாத சொறிக்கும் பூசுவார்கள். உள்ளுக்குக் கொடுப்பது வைத்தியர்கள் சோலி. விஷத்தை முறித்துச் சுத்தி செய்த கிழங்கில் கடுகளவு சேர்ப்பார்கள். சுத்தி செய்யாததைச் சுண்டுவிரல் அளவு தின்றால் போதும், அப்புறம் வைத்தியருக்கு வேலை இல்லை.

அதனால் இதைத் தேடி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ராவுத்தரய்யா கிழங்கை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கல்லாவைவிட்டு எழுந்து, வாசல்வரை வந்து, ஆளைக் காலிலிருந்து தலைவரை பார்ப்பார். குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்கமாட்டார். ஒரு நாள் ராசிங்காபுரம் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பெண்டாட்டிக்கு நஞ்சு விழவில்லை என்றார்.

"எப்ப புள்ள பெறந்துச்சு?" என்றார் ராவுத்தரய்யா.

"காலையில."

"ஆணா, பொண்ணா?"

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஆணு" என்றார்.

"சரக்கு தீந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார் ராவுத்தரய்யா. எனக்குப் பின்னால் ஒரு கூடை நிறையக் கிழங்கு இருந்தது. வந்தவர் போன பிறகு என்னிடம், "பெண்டாட்டிக்கு நஞ்சு நிக்கிறவன் ஓடி வருவான். கால்ல புழுதி இருக்கும். இவன் காலு கழுவின காலு" என்றார். அந்த வீட்டில் என்ன நடக்க இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. நடந்திருந்தாலும் எங்கள் கிழங்கால் நடக்கவில்லை.

சுத்தி செய்கிற இடம் கடையில் இல்லை. போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் கழுதைப் பாதையில், அடிவாரத்திலிருந்து ஒரு மணி நேர நடையில், ஓடைக்கரையில் ஒரு குடிசை. தோண்டிய கிழங்கு ஈரத்தோடு ஊர்வரை வந்தால் அழுகிவிடும் என்பதால் அங்கேயே வேலையை முடிப்போம். முடிப்போம் என்ன, முடிப்பேன். மார்கழி பிறந்து மாசி முடிகிறவரை நான் ஒருவன்தான்.

கிழங்கை ஓடையில் கழுவி, மூங்கில் சிம்பால் தோலைச் சுரண்டி, நகக்கனத்தில் வட்டம் வட்டமாகச் சீவ வேண்டும். உப்புப் போட்ட மோரில் மாலையில் ஊறப்போட்டு, காலையில் வடித்து, ஓலைப்பாயில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். வடித்த மோரைக் குழிவெட்டி ஊற்றி மூட வேண்டும், ஆடு நக்கினால் ஆடு போய்விடும். மறுநாள் புது மோர். இப்படி ஏழு நாள். பாயில் பரப்பும்போது வரிசைக்கு இருபது என்று நிரையாக வைக்க வேண்டும் என்பது ராவுத்தரய்யாவின் கட்டளை. நிரையாக வைத்தால் காக்காய் ஒன்றைத் தூக்கினாலும் ஓட்டை தெரியும். இன்னொரு கட்டளையும் இருந்தது. அந்த இடத்தில் அடுப்பு மூட்டக்கூடாது, தின்கிற பண்டம் எதுவும் செய்யக்கூடாது. மூன்று நாளுக்கு ஒரு தரம் மோரும் கட்டுச்சோறும் கீழிருந்து வரும். புளித்துப்போன சோற்றைத் தின்றுவிட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

தனிமை என்றால் என்ன என்று அங்கே தெரிந்துகொண்டேன். பாதையில் ஆள் நடமாட்டம் உண்டு. ஏலத்தோட்டங்களுக்கு அரிசியும் உப்பும் ஏறும், ஏலக்காய் மூடை இறங்கும். ஆனால் யாரும் நிற்கமாட்டார்கள். கழுதைக்காரர்கள் நின்றால் கழுதை படுத்துவிடும் என்பார்கள். உண்மை அதுவல்ல. விஷத்தோடு குடியிருக்கிறவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்க யாருக்கும் மனசு வரவில்லை. எனக்குப் பெண் கொடுப்பதாக இரண்டு பேர் வந்தார்கள். என்ன சோலி பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். சில நாள் காலையில் என் குரலே எனக்கு மறந்துபோன மாதிரி இருக்கும். மோர்ப்பானையிடம் ஏதாவது பேசி, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

குடிசைக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது வருஷம் ஒரு பெண் நின்றாள். சிலமலைக்காரி. புருஷன் மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கிறான். மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு தரம் தலைச்சுமையாக உப்பும் புளியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்குவாள். சுமையை என் குடிசைக்கு எதிரே இருந்த பாறையில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, இங்கன தனியா உக்காந்து பேய் ஓட்டுறீகளா?" என்றாள்.

"பேயி எங்க வருது. அதுக்கும் பயம்" என்றேன்.

சிரித்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து கேப்பைக்கஞ்சி குடித்தாள். தொட்டுக்கொள்ள ஒரு உப்புக்கல். கஞ்சி குடிக்கிற நேரம் எவ்வளவு இருக்கும்? அந்த நேரம் முழுவதும் பேசினாள். மகள் இன்னும் ரா வராமல் லா போட்டுப் பேசுகிறாள், மாமியாருக்குக் காது மந்தம், மேலே அட்டைக்கடி தாங்கவில்லை. எழுந்து போனாள். அடுத்த தரம் எப்போது வருவாள் என்று நாள் எண்ண ஆரம்பித்தேன்.

தப்பு அங்கேதான் தொடங்கியது. அடிவாரத்துக் காட்டில், வத்தல் போடுகிற சின்னக் காட்டுக்காயான மிதுக்கங்காய் கொட்டிக்கிடந்தது. வெறும் உப்புக்கல்லோடு குடிக்கிறாளே என்று அதைப் பறித்து வந்து வட்டமாக நறுக்கி, தனிச் சட்டியில் நல்ல மோர் ஊற்றி உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்தேன். கிழங்கு மேல்பாறையில், மிதுக்கு அவள் உட்காருகிற கீழ்ப்பாறையில். நான் வைத்தியன் இல்லை என்றாலும் அவ்வளவு புத்தி இருந்தது. அடுத்த தரம் வந்தபோது கொடுத்தேன். பாதி காய்ந்ததையே கடித்துக்கொண்டாள். மிதுக்குக்கு உள்ள இலேசான கசப்பும் மோரின் புளிப்பும் கஞ்சிக்கு நன்றாகச் சேரும்.

"எங்காத்தா போட்ட வத்த மாதிரியே இருக்குண்ணே" என்றாள். அன்றைக்குக் கஞ்சி தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான் சொன்னேன்: "நான் கெழங்குக்குப் போயிருந்தாலும் நீ பாட்டுக்கு இந்தப் பாறையில காயுறத எடுத்துக்க தாயி. வீட்டுக்காரருக்கும் கொண்டுபோ. என்னயக் கேக்கணும்னு இல்ல."

இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். நாற்பது வருஷமாகியும் ஒரு எழுத்து மறக்கவில்லை.

தை கடைசியில் இரண்டு நாள் சாரல் அடித்தது. மேல்பாறையில் நீர் கசிந்து நின்றது. மூன்றாம் நாள் மோரில் ஊறிய கிழங்கை வடித்துக் கையில் வைத்திருந்தேன். வெயில் வந்துவிட்டது. மிதுக்கை எடுத்துக் குடிசைக்குள் வைத்துவிட்டு, கீழ்ப்பாறையில் பாயை விரித்துக் கிழங்கைப் பரப்பினேன். அவள் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தோண்டப் போய்விட்டேன்.

உச்சிவேளையில் திரும்பி வந்தேன். பாயில் கடைசி வரிசையில் பதினொரு வில்லை இல்லை. காக்காய் பதினொன்று தூக்காது. பாறையோரத்தில் கேப்பைக்கஞ்சி சிந்திய தடம் இருந்தது.

ஓடினேன். அந்தப் பாதையில் அப்படி ஏறியவன் நானாகத்தான் இருப்பேன். கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன், என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. இரண்டு மைல் தாண்டி ஓர் ஓடைத் திருப்பத்தில் சுமையை இறக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தரம் வாந்தி எடுத்திருந்தாள்.

"நாக்கு மரத்துக் கெடக்குண்ணே. தொண்டை காந்துது" என்றாள்.

"எத்தனை தின்ன?"

"அஞ்சு. மிச்சம் அவுகளுக்கு." முந்தானை முடிச்சைக் காட்டினாள். அவிழ்த்து எண்ணினேன். ஆறு இருந்தது. அந்த மட்டுக்கும் மேலே ஒருவன் தப்பினான்.

அவள் சுமையிலேயே உப்பு இருந்தது. கரைத்து, குடிக்கவைத்து, விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தேன். வெறும் தண்ணீர் வருகிறவரை விடவில்லை. இறங்கி வந்துகொண்டிருந்த இரண்டு கழுதைக்காரர்கள் அவளைக் குடிசைவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குள் வயிற்றாலும் போக ஆரம்பித்துவிட்டது. காலரா என்று பயந்து, ராவுத்தரய்யாவுக்குச் சேதி சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெரசாகப் போய்விட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் சொல்லியும் இருந்தார்கள்.

அன்று முழுவதும் நானும் அவளும்தான். கட்டளையை மீறி அடுப்பு மூட்டிக் கஞ்சித்தண்ணி வைத்தேன். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். கொடுத்தது எல்லாம் வெளியே வந்தது, மறுபடி கொடுத்தேன். துணியை ஓடையில் அலசிப் போட்டேன். இடையில் ஒரு தரம், "எம்மகளுக்குச் சொல்லிருங்கண்ணே" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் செத்தால் நான்தான் கொன்றவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. எனக்கு வேலை போய்விடும் என்ற நினைப்பும் கூடவே ஓடியது.

மறுநாள் காலையில் ராவுத்தரய்யா மட்டக்குதிரையில் ஏறி வந்தார். கொஞ்ச நேரத்தில், பாதையில் ஏறிப்போனவர்கள் சொன்ன சேதி கேட்டு, அவள் புருஷனும் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேரும் மேலிருந்து இறங்கி வந்தார்கள். ராவுத்தரய்யா அவள் நாடியைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "எத்தனாவது நாள் மோரு?" என்று என்னைக் கேட்டார். மூன்றாவது என்றேன். "எத்தனை?" அஞ்சு என்றேன். வெளியே போய்ப் பாறையைப் பார்த்தார். குடிசைக்குள் மூலையில் இருந்த மிதுக்குச் சட்டியையும் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வந்து அவளிடம் கேட்டார். "இது ஒன் கைக்கு எப்படி வந்துச்சு ஆத்தா?"

எல்லோரும் நின்றிருந்தார்கள். அவள் என் பக்கம் பார்த்தாள். நான் வாயைத் திறக்க எவ்வளவோ நேரம் இருந்தது. வேறொருவன் பெண்டாட்டிக்குக் கல்யாணமாகாத ஒருவன் மலையில் தனியாக உட்கார்ந்து வத்தல் போட்டுக் கொடுத்தான் என்றால் அதற்கு ஊர் என்ன பெயர் வைக்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தாங்கய்யா எடுத்தேன். ஆளில்லாத நேரத்துல, கேக்காம" என்றாள்.

முந்தானையிலிருந்து நான் எடுத்து வைத்த ஆறு வில்லையும் அங்கேயே கிடந்தன. திருட்டுக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பேசவில்லை. அவள் மானத்துக்காகப் பேசவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி என் சோறு.

ராவுத்தரய்யா வேறெதுவும் கேட்கவில்லை. குதிரை ஏறும்போது மட்டும் என்னிடம், "சுருளி, அந்த எடத்துல ஒரு சரக்குதான காயணும்" என்றார். அதன் பிறகு அவர் இறக்கிறவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஐந்து நாள் கழித்துக் கட்டிலில் வைத்துச் சிலமலைக்குத் தூக்கிப் போனார்கள். இந்தக் கிழங்கைத் தின்று பிழைத்தவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் தலைமுடி கொத்தாக உதிரும், பிறகு வளர்ந்துவிடும். இது மருந்து செய்கிற வேலை, பயப்படாதே என்று ராவுத்தரய்யா புருஷனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஊர் அதைக் கேட்குமா? திருடினால் மொட்டையடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனுஷன் அடிக்கும் முன்னால் சாமியே அடித்துவிட்டது என்றார்கள். முடி வளர்ந்த பிறகும் மொட்டச்சி என்ற பெயர் போகவில்லை. எங்கள் கடையிலும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் விஷச் சரக்கில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் 'திருடித் தின்ற கதை'தான் சொல்லப்படும். பலமுறை என் முன்னாலேயே சொன்னார்கள். நான் பாட்டுக்குச் சரக்கு நிறுத்துக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு அவள் அந்தப் பாதையில் வரவில்லை. நான் இன்னும் பல வருஷம் அதே குடிசைக்குப் போனேன். மிதுக்கு காய்த்துக் கொட்டிக்கிடந்தது, தொடவில்லை. கீழ்ப்பாறையில் யாரும் உட்காரவும் இல்லை.

கடையில் என்னைக் கேட்டார்களே, அதற்கு மறுநாள் சிலமலைக்கு நடந்தேன். ராவுத்தரய்யா இல்லை, அவள் புருஷனும் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இனி யாருக்குப் பயம்? வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நீ எடுக்கல, நாந்தான் குடுத்தேன்னு எல்லாருக்கும் சொல்லிரப்போறேன் தாயி. எழுதியும் வைக்கப்போறேன்."

அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை.

"திருடிங்கிற பேரு எனக்குப் பழகிப்போச்சுண்ணே. எம்மகளக் கட்டிக்குடுக்கையில ரெண்டு எடம் தட்டிப்போச்சு, அதுவும் முடிஞ்சுபோச்சு. இப்பப் பேத்திக்குப் பாக்குறோம். எழுதுறதுன்னா எம்பேரப் போடாம எழுதுங்க."

சரி என்றேன். எழுந்தபோது, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "நீங்க குடுத்தீகன்னு சொன்னா, எதுக்குக் குடுத்தீகன்னு கேப்பாக. அதுக்கு என்ன சொல்லுவீக?"

அவள் ஊருக்காகக் கேட்டாளா, தனக்காகக் கேட்டாளா என்று தெரியவில்லை. நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஊர் எல்லை தாண்டி வெயிலில் நடந்து வரும்போதுதான் பதில் வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை, இங்கே எழுதுகிறேன். கஞ்சி தீர்ந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள் என்றுதான் கொடுத்தேன்.